பத்து நாள் பாட்டும் ஒரு பென்டிரைவும்

மைக்கைச் சோதிக்க ஊரெல்லாம் 'ஹலோ, ஹலோ' என்றுதான் சொல்வார்கள். நான் 'முருகா' என்பேன். வேலையில் இருந்த வருடமெல்லாம் அப்படித்தான் ஓடியது. எழுதுவதற்கும் அதே பழக்கம். இந்தக் காகிதத்தின் தலையில் அவன் பெயரை எழுதிவிட்டுத்தான் பேனாவை நகர்த்துகிறேன். பத்தாவதில் தவறியவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதச் சொன்னது தேவி. கடலூர் முதுநகரில் நான் வேலை பார்த்த ரெக்கார்டிங் சென்டரில் இப்போது கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிற பெண். போன மாதம் போன் செய்தாள்.

"சார், ஒருத்தர் வாட்ஸ்அப்புல வந்த பாட்ட எடுத்துக்கினு வந்து முந்நூத்தி இருவதா ஆக்கிக் குடுங்கன்னு நிக்கறாரு. ஆக்குனா நல்லா கேக்குமா சார்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா கேக்காதும்மா. பைலுதான் பெருசாவும். அந்தத் தப்ப மொதல்ல செஞ்சவனே நான்தான்" என்றேன்.

"நீங்களா? பொய் சொல்லாதிங்க சார்."

பொய்யும் சொன்னேன், அது தனிக் கதை என்றேன். "அப்ப அதயே எழுதிக் குடுங்க. நம்ப சவுண்டுக்காரங்க சங்கத்து மலருக்கு ஆறு பக்கம் காலியா கெடக்குது" என்றாள். ஆக, ஆறு பக்கம் நிரப்புவதற்காக என் குற்றத்தை நானே ஒப்புக்கொள்கிறேன்.

எனக்குத் திட்டக்குடிப் பக்கம். வீட்டில் எல்லாரும் கரும்பும் நெல்லும் போட்டவர்கள். நான் மட்டும் ரேடியோப் பெட்டியைக் கழற்றிப் பார்த்து அடி வாங்கியவன். முதுநகரில் இருந்த சித்தப்பா வீட்டுக்கு வந்து, ரயில்வே ஜங்ஷனுக்குப் பின்தெருவில் இருந்த சவரிமுத்து சாரின் சென்டரில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டேப்ரெக்கார்டரின் தலையைத் துடைத்தேன். அப்புறம் கேசட்டில் பதிந்து கொடுத்தேன். அப்புறம் மைக் பிடித்தேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. இவ்வளவுதான் நான் படித்த படிப்பு.

சவரிமுத்து சாரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளை அரைக்கைச் சட்டை. மாதா கோயில் பாட்டுக் குழுவிலிருந்து மாரியம்மன் கோயில் கும்மி வரைக்கும் எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு பதிவு செய்வார். கோபம் வந்தால் கத்த மாட்டார். கீழே கிடக்கிற மைக் ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பிப்பார். ஒரு சுற்று உள்ளே, ஒரு சுற்று வெளியே, முறுக்கு விழாமல் சுற்றிக்கொண்டே போவார். ஒயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் நமக்கு நடுக்கம்.

சேர்ந்த புதிதில் நான் 'முருகா' என்று மைக்கில் சொல்வதைக் கேட்டு ஒருநாள் கூப்பிட்டார்.

"முருகா நல்ல பேருதான்யா. ஆனா அதுல 'ஸ' இல்ல. மைக்கு ஒழுங்கா இருக்குதான்னு 'ஸ' சொன்னாத்தான் தெரியும். உங்க சாமியிலயே 'ஸ' இருக்கற சாமியா பாத்து ஒண்ணு சொல்லு."

கொஞ்சம் யோசித்து, "சரஸ்வதி" என்றேன்.

"ஆங். அந்தம்மாவயும் சேத்துக் கூப்புடு."

அன்றிலிருந்து 'முருகா, சரஸ்வதி'. அவர் தம் பங்குக்கு வந்து 'ஸ்தோத்திரம்' என்று ஒரு தரம் சொல்வார். பிறகுதான் ரெக்கார்டிங்.

அவரிடம் மூன்று கட்டளை இருந்தது. பாடுகிறவர் பாடுவதற்கு முன்னால் இழுக்கிற மூச்சை வெட்டக் கூடாது. 'மூச்சு இல்லாத பாட்டு பொணம்யா' என்பார். இரண்டாவது, ஒரிஜினலை சிடியில் எழுதி, எழுதியதைப் போட்டுக் கேட்டு, உறையில் பெயர் எழுதிய பிறகுதான் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்க வேண்டும். மூன்றாவது தாளச் சோதனை. வெண்கலத் தாளத்தை ஒரு தட்டு தட்டச் சொல்லி, அந்த ரீங்காரம் அடங்கும்வரை மனதுக்குள் எண்ணுவார். பிறகு பதிந்ததைப் போட்டு மறுபடி எண்ணுவார். இரண்டு கணக்கும் ஒன்றாக வந்தால்தான் தலையை ஆட்டுவார்.

சார் இப்போது இல்லை. கல்லறைத் திருநாள் அன்று விபூதி நெற்றியோடு போய் அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு வருகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவன் கோயில். அங்கே சபாநாயகம் ஐயா என்று ஓர் ஓதுவார். சாமி முன்னால் நின்று தாளத்தைத் தட்டிக்கொண்டு பதிகம் பாடுவதுதான் அவருக்கு வேலை. சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாணமானாலும் தாலி கட்டி முடிந்ததும் அவர் எழுந்து நின்று ஒரு வாழ்த்துப் பாடுவார். அது முடிந்தால்தான் பந்திக்கே எழுந்திருப்பார்கள். அவர் பாடிய கல்யாணத்தில் சண்டை வராது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. என் கல்யாணத்துக்கும் அவர்தான் பாடினார். நம்பிக்கை பொய்யில்லை என்று என் வீட்டுக்காரி சொல்வாள். முழுக்க உண்மையும் இல்லை என்று நான் சொல்வேன்.

அந்தக் கோயிலில் பத்து நாள் திருவிழா. பத்து நாளும் ஒலிபெருக்கியில் போட ஐயாவின் பாட்டைப் பதிவு செய்து வைக்கலாம் என்று ஊரில் முடிவு செய்தார்கள். கம்ப்யூட்டர் எங்களுக்கு வந்த புதிது. ஐயா காலை பூஜைக்குப் பாடிவிட்டு, பஸ் பிடித்து முதுநகர் வருவார். பத்து காலை வந்தார், நாளுக்கு ஒரு மணி நேரம் பாடினார். டீ குடிக்க மாட்டார். பனங்கற்கண்டு போட்ட வெந்நீர்தான். வந்ததும் எல்லாருக்கும் திருநீறு கொடுப்பார். சவரிமுத்து சார் இரண்டு கையையும் நீட்டி வாங்கி, ஒரு வெள்ளைக் காகிதத்தில் மடித்து மேஜை டிராயரில் வைத்துக்கொள்வார். அந்த டிராயரில் பத்து மடிப்பும் கடைசிவரை இருந்தது.

முதல் நாள் தாளச் சோதனை. "ஐயா, ஒரே ஒரு தட்டு" என்றார் சார். ஐயா தட்டினார். அறையே பொன்னிறமாக ஆனது போல இருந்தது. எல்லாரும் அசையாமல் நின்றோம்.

"பதினொண்ணு" என்றார் சார்.

"எனக்கும் பதினொண்ணுதான்" என்று ஐயா சிரித்தார். "நீங்களும் எண்ணுவிங்களா! நான் நம்பளுக்கு மட்டுந்தான் இந்தப் பைத்தியம்னு நெனச்சிருந்தன்."

பதிந்ததைப் போட்டார்கள். பதினொன்று. அன்றைக்கே இருவரும் சிநேகிதர்களாகிவிட்டார்கள்.

பதிவு முடிந்ததும் சார் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கிளம்பினார். "ஐயாவோடது பத்து மணி நேரம். பத்து சிடி ஆவும். எழுதி வச்சிடு கலியா" என்று சொல்லிவிட்டுப் போனார். என் பெயர் கலியமூர்த்தி. சார் கலியா என்பார்.

அவர் போன மறுநாள் வேலு வந்தான். என் வீட்டுக்காரியின் தம்பி, சிதம்பரத்தில் மைக் செட் வைத்திருக்கிறவன். திருவிழாவுக்கு அவன் செட்தான். கையில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு பென்டிரைவ். நூற்று இருபத்தெட்டு எம்பி. அந்தக் காலத்தில் அதுவே அதிசயம். கழுத்தில் தாயத்து மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தான்.

"மாமா, பத்து நாளு பாட்டும் இதுல வந்துடணும். நான் பொத்தான அமுக்கிட்டு தேரு லைட்டு வேலைய பாக்கப் போயிடுவன்."

"கொள்ளாது மச்சான்."

"கொள்ள வைய்யி. நீதான கம்ப்யூட்டர்காரன். உன்ன நம்பி எங்க அக்காவயே குடுத்துருக்கோம், பத்து பாட்டு கொள்ளாதா?"

எப்படிக் கொள்ள வைப்பது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். பாட்டைச் சுருக்கும்போது ஒரு நொடி ஓசைக்கு இவ்வளவு என்று நாம் ஒரு அளவு கொடுக்கிறோம். அன்னதானத்தில் படி அளக்கிற மாதிரிதான். அந்த அளவை நூற்று இருபத்தெட்டு என்று வைத்தால் தாராளமான படி. ஆனால் அந்தப் பென்டிரைவில் இரண்டு மணி நேரப் பாட்டுக்கே இடம் தீர்ந்துவிடும். இருபத்து நான்கு என்று வைத்தால் கைப்பிடிதான். ஆனால் பத்து மணி நேரமும் உள்ளே போய்விடும். தனியாக ஒருவர் பேசினால் அந்தக் கைப்பிடி போதும். தாளம் அப்படியில்லை. ஒரே தட்டில் கீழோசை மேலோசை எல்லாம் சேர்ந்து எழும். பந்தியில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் இலை போட்டு உட்கார்ந்த மாதிரி. கையில் இருப்பதோ ஒரு பிடி. சுருக்குகிற யந்திரம் என்ன செய்யும்? யாருக்குத் தெரியாமல் யாருக்குக் குறைக்கலாம் என்று பார்க்கும். கடைசி வரிசைக்காரர்களை எழுப்பி அனுப்பிவிடும். மேலோசையும், ரீங்காரத்தின் வாலும், 'ஸ'வும் அந்தக் கடைசி வரிசை.

நான் இருபத்து நான்கு வைத்தேன்.

ஹெட்போனில் கேட்டபோதே ஏதோ சரியில்லை. தாளம் விழுகிற இடத்தில் சூடான எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சொரசொரப்பு. ஐயாவின் குரலும் குடத்துக்குள் போய் வந்தது. மனதில் உறுத்தியது. உறுத்தலோடுதான் சிதம்பரம் போனேன். வேலு தன் குழாய் ஸ்பீக்கரை வேப்பமரத்தில் கட்டி, பென்டிரைவைச் செருகினான்.

"கணீர்னு இருக்குது மாமா! ஐயாவே மரத்துமேல ஏறி ஒக்காந்து பாடற மாதிரி இருக்குது!"

உண்மையாகவே கணீரென்றுதான் இருந்தது. ஏனென்றால் குழாய் ஸ்பீக்கருக்கு மேலோசை பாடவே தெரியாது. ஒரிஜினலைப் போட்டாலும் அப்படித்தான் கேட்கும், இதைப் போட்டாலும் அப்படித்தான் கேட்கும். கண் தெரியாதவரிடம் வேட்டியின் நிறத்தைக் கேட்டுத் திருப்திப்பட்டவன் நான். ஊரே புகழ்ந்தது. எனக்கும் தலை கொஞ்சம் வீங்கியது.

அடுத்து முகூர்த்த மாதம். கல்யாணப் பதிவுகளுக்கு டிஸ்கில் இடம் வேண்டும். மூன்றில் ஒரு பங்கை ஐயாவின் பத்து நாள் அடைத்துக்கொண்டிருந்தது. சிடி வைக்கிற டப்பாவில் ஒன்றுதான் மிச்சம். வாங்கி வந்து, ஒவ்வொன்றாக எழுதி, எழுதியதைக் கேட்டு... 'சுருக்கினதுதான் நல்லாத்தானே இருக்கு, ஊரே சொல்லுதே' என்று தோன்றியது. ஒரிஜினலை அழித்தேன். மிச்சமிருந்த ஒரே ஒரு சிடியில் அந்தச் சுருக்கிய பைல்களை எழுதி, உறையின் மேல் 'ஓதுவார் ஐயா – பத்து நாள் – ஒரிஜினல்' என்று எழுதி அலமாரியில் வைத்தேன். இதுதான் நான் செய்தது. வேறு எப்படியும் இதை நல்லவிதமாகச் சொல்ல முடியவில்லை.

சார் காலெல்லாம் கொப்புளத்தோடு திரும்பி வந்தார்.

"ஐயாவோடது எழுதிட்டியா?"

"எழுதிட்டன் சார்."

"போட்டுக் கேட்டியா?"

"கேட்டன் சார்."

அலமாரியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

வருடங்கள் போயின. சபாநாயகம் ஐயாவுக்குத் தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷன் செய்து, உயிர் நின்றது, குரல் போய்விட்டது. ஒரு சின்னச் சிலேட்டும் பல்பமும் வைத்துக்கொண்டு எழுதிக் காட்டுவார். கோயிலுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. சாமி முன்னால் நின்று தாளத்தை மட்டும் தட்டிவிட்டு வருவார்.

அவருக்கு ஒரே மகள், உமா. அவள் கல்யாணம் நிச்சயமானது. ஒருநாள் மத்தியானம் சென்டருக்கு வந்தாள். சார் நாற்காலி போடச் சொன்னார்.

"சார், அப்பா ஊர்ல இருக்கற கல்யாணத்துக்கெல்லாம் பாடினாங்க. எங் கல்யாணத்துக்குப் பாட முடியலன்னு ராத்திரியில சோறு எறங்கறதில்ல அவுங்களுக்கு. திருவிழாவுக்குப் பதிஞ்சதுல பத்தாம் நாளு, சாமி கல்யாணத்துக்குப் பாடினது இருக்குதில்ல? அதே வாழ்த்துதான். தாலி கட்டுனதும் அத மண்டபத்துல போட்டுட்டா, அப்பா பாடின மாதிரி ஆயிடும்."

சார் முகம் மலர்ந்தது. "ஒரிஜினலே இருக்குதும்மா. நம்ப கலியன் பத்திரமா எழுதி வச்சிருக்கான்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக்கு வாம்மா என்று அனுப்பிவிட்டேன்.

அவள் போனதும் அந்தச் சிடியை எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டு, பத்தாம் நாள் வாழ்த்தை மட்டும் எடுத்து முந்நூற்று இருபதுக்கு மாற்றினேன். பெரிய எண், பெரிய தரம் என்றுதான் அப்போது நிஜமாகவே நினைத்தேன். பைல் பல மடங்கு பெருத்தது. சாமி காப்பாற்றினார் என்று முருகனுக்கு ஒரு கற்பூரம்கூட ஏற்றினேன். ஹெட்போனில் கேட்கப் பயமாக இருந்தது. கேட்கவில்லை. அப்படியே இன்னொரு சிடியில் எழுதி, மறுநாள் சார் மாதா கோயிலுக்குப் போன நேரத்தில் உமாவிடம் கொடுத்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அவள் திரும்பி வந்தாள். சார் இருந்தார்.

"அண்ணே, பாட்டு இருக்குது. ஆனா அப்பா ஹெட்போன்ல கேட்டுட்டு பாதியிலயே கழட்டி வச்சிட்டாங்க. இத எழுதிக் குடுத்தாங்க" என்று ஒரு காகிதத்தை நீட்டினாள். இரண்டே சொல் இருந்தது. 'தாளம் எங்கே?'

சார் காகிதத்தைப் படித்தார். சிடியை வாங்கிப் போட்டுக் கேட்டார். அலமாரியிலிருந்து நான் 'ஒரிஜினல்' என்று எழுதிய உறையை எடுத்தார். அதையும் போட்டுப் பார்த்தார். பிறகு கீழே குனிந்து ஒரு ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். அது சென்டரிலேயே நீளமான ஒயர். பாதி சுற்றுவதற்குள் நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தேன், உமாவை வைத்துக்கொண்டே.

மீதி ஒயரையும் சுற்றி, முடிச்சுப் போட்டு, ஆணியில் மாட்டினார்.

"கலியா, கரும்பு ஜூஸ் கடையில சக்கை கெடக்குமே, பாத்திருக்கியா?"

"பாத்திருக்கன் சார்."

"அத சின்னப் பையில கட்டினாலும் சக்கை. பெரிய கோணியில கட்டினாலும் சக்கை. நீ கோணி மாத்திருக்க. கரும்புக்காரன் வூட்டுப் புள்ள, உனக்கு இது தெரியாதா?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உமா பாவம், "பரவால்ல சார், அண்ணன திட்டாதிங்க" என்றாள். அது இன்னும் சுட்டது.

"திட்டலம்மா. அப்பாவ பாத்து இவனே சொல்லணும். நானும் வரன்" என்றார். என்னைப் பார்த்து, "பேசறது நீ" என்றார்.

சிதம்பரம் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனோம். பெண்ணையாற்றில் விழுந்துவிடலாமா என்று இருந்தது, ஆனால் அந்த ஆறு அந்த வழியில் வராது.

ஐயா வீட்டில் கல்யாணத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர் காலில் விழுந்து சொன்னேன். அழித்ததைச் சொன்னேன். உறையில் பொய் எழுதியதைச் சொன்னேன். கோணி மாற்றியதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயா சிலேட்டை எடுத்தார். எழுதினார். துடைத்தார். மறுபடி எழுதி என் பக்கம் திருப்பினார்.

'குரல் இருக்கிறது. என்னால் முடியாதது அதுதான். தாளத்தை எடுத்துவிடு. அதை நான் போடுகிறேன்.'

நான் இரண்டு தரம் படித்தேன். சார் எட்டிப் படித்தார். படித்துவிட்டு இத்தனை நேரத்தில் முதல் தடவையாக என் தோளில் கையை வைத்தார்.

"கெட்டிக்காரரு. நம்ப ரெண்டு பேருக்கும் தோணல பாரு" என்றார்.

சென்டருக்குத் திரும்பி மூன்று நாள் அந்த ஒரே பாட்டோடு உட்கார்ந்தேன். சொரசொரப்பு எல்லாம் மேலோசையில்தான் இருந்தது. அதை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். கொஞ்சம் கூடக் குறைத்தால் ஐயாவின் எழுத்துகள் மழுங்கும். கம்மியாகக் குறைத்தால் தாளத்தின் பேய் திரும்பி வரும். கேட்டுக் கேட்டுக் காது களைத்தால் எழுந்து போய், தண்ணீர் குடித்து, திருநீறு பூசி, மறுபடி உட்காருவேன். சார் பின்னால் நின்று ஒரே ஒரு தரம் பேசினார். "ஆரம்பத்துல அந்த மூச்சு இருக்குதா?" இருந்தது. இருபத்து நான்கிலும் எப்படியோ பிழைத்திருந்தது. "அதுல கைய வைக்காத. அவருக்கு அதான் அடையாளம்" என்றார்.

முடிந்தபோது அது ஒளியில்லாத பாட்டு. ஆனால் ஐயாவின் குரல். வெயில் இல்லாத நாளில் கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

கல்யாண மண்டபத்தில் வேலுதான் செட் போட்டிருந்தான். இந்தத் தடவை குழாய் இல்லை, இரண்டு பெரிய பெட்டி ஸ்பீக்கர். ஒளிக்க இடமே இல்லை. பென்டிரைவை வாங்கிக்கொண்டு கண்ணடித்தான்.

"இன்னா மாமா, இதுவும் இருவத்தி நாலா?"

"வாய மூடிக்கினு சொல்றப்ப அமுக்கு மச்சான்."

"எங்க அக்கா எல்லாத்தயும் சொல்லிடிச்சி. நீ மூணு நாளா வூட்ல சாப்புடலயாமே."

மேடையின் ஓரத்தில் ஐயாவின் தாளத்துக்கு ஒரு மைக், மண்டபத்துக்கு ஒரு மைக் என்று பதிவு செய்ய இரண்டு வைத்தேன். 'முருகா, சரஸ்வதி' சொன்னேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சார் உதட்டை மட்டும் அசைத்து 'ஸ்தோத்திரம்' சொன்னது தெரிந்தது.

தாலி ஏறியது. மேளம் ஓய்ந்தது. பழக்கத்தில் எல்லாரும் ஐயா இருந்த பக்கம் திரும்பினார்கள், பிறகு சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். அவருக்குக் குரல் இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல. ஐயா எழுந்து நின்றார். மடியிலிருந்து தாளத்தை எடுத்தார். நான் வேலுவுக்குக் கை காட்டினேன்.

முதலில் அந்த மூச்சு வந்தது. மண்டபம் முழுக்க, ஐயா மூச்சிழுக்கிற ஓசை. மேடையில் நின்றவரின் மார்பும் அதே நேரத்தில் விரிந்ததைப் பார்த்தேன். குரல் எழுந்தது. முதல் அடிக்குத் தாளம் விழுந்தது.

இதை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அழித்துவிட்டேனே, அது திரும்பி வந்தது. பந்தியிலிருந்து நான் எழுப்பி அனுப்பிய அத்தனை பேரும் அந்த வெண்கலத்திலிருந்து எழுந்து வந்து தங்கள் தங்கள் இலையில் உட்கார்ந்தார்கள். மழுங்கிக் கிடந்த குரலுக்கு மேல் அந்த ஓசை விழுந்ததும் குரலும் துலங்கியது. எந்த இடத்தில் இழுப்பார், எந்த இடத்தில் நிறுத்துவார் என்று அவருக்குத் தெரியாதா? ஒரு அடி பிசகவில்லை. உமா மணவறையில் உட்கார்ந்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உதடு பாட்டோடு அசைந்துகொண்டிருந்தது. பின்வரிசையில் ஒரு அம்மா, "யாருடி சொன்னது அவருக்குத் தொண்ட போயிடிச்சின்னு?" என்று பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். அந்த இடியும் என் மைக்கில் பதிந்திருக்கிறது.

பாட்டு முடிந்தது. கடைசியாக ஒரு தட்டு தட்டிவிட்டு, ரீங்காரம் அடங்கும்வரை ஐயா கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். பிறகுதான் ஜனங்கள் பந்திக்கு எழுந்தார்கள்.

அன்று மத்தியானம் சார் என்னிடம் மூன்று வெற்றுச் சிடிகளைக் கொடுத்தார். மண்டபத்தில் பதிந்ததை மூன்றிலும் எழுதி, மூன்றையும் முழுக்கக் கேட்டு, உறையில் பெயர் எழுதினேன். 'ஒரிஜினல்' என்ற சொல்லை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. எழுதினேன். அவற்றில் ஒன்று இப்போதும் என் பூஜை அறையில் படங்களுக்குப் பின்னால் இருக்கிறது.

இந்தக் கட்டுரைக்காக அதைத் தேடி எடுத்தேன். உமாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அண்ணே, வாட்ஸ்அப்புல போட்டு வுடுங்களேன். அப்பா கேக்கட்டும்."

"மாட்டன்மா. அது வழியில புழிஞ்சிடும். நானே எடுத்துக்கினு வரன்."

போன வாரம் சிடியில் இருந்ததைச் சுருக்காமல் அப்படியே ஒரு பென்டிரைவில் ஏற்றி, சட்டைப் பையில் வைத்து, பையைக் கையால் பொத்திக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் நெஞ்சுவலியா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஐயாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. உமா வீட்டில்தான் இருக்கிறார். என்னைப் பார்த்ததும் திருநீறு கொடுத்தார். ஹெட்போனை அவர் காதில் வைத்துவிட்டுப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று தெரிந்துகொண்டிருந்தேன்.

கடைசித் தட்டு வந்திருக்க வேண்டும். அவர் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்தார். சுண்டு விரலை மடக்கினார். அடுத்தது. அடுத்தது. முதல் நாள் தாளச் சோதனையில் எண்ணியது போல, ரீங்காரம் அடங்கும்வரை எண்ணுகிறார் என்று புரிந்தது. ஒரு கை மூடியது. மறு கையிலும் ஒவ்வொன்றாக மடங்கி, பத்து விரலும் தீர்ந்தன.

கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, என் கையைத் துழாவிப் பிடித்து, என் சுண்டு விரலை மடக்கினார்.